பொட்டிக்குப் பொட்டு

"ப்ளாங்க் எறங்கட்டும் நர்மதா. அப்பால உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளுங்களேன். நான் இன்னா ஓடியா பூடுவேன்?"

"இப்ப கேட்டா சரியா வராது. சத்தம் ஜாஸ்தி கீது."

"கீழ லேத்து ஓடுதே, அந்தச் சத்தமா?"

"அதுவுந்தான்."

தை மாதத்துப் பேச்சு இது. சித்திரை வந்தும் நர்மதாவுக்கு அது பழசாகவில்லை. காசிமேட்டில் பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாளோ இல்லையோ, மனசு அந்த ஐந்து வரியை ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிடும். 'அதுவுந்தான்' என்று சொன்னபோது அன்புமணியின் காது மடல் சிவந்ததா, இல்லை அது வெயிலா என்பதில் மட்டும் அவளுக்கு இன்னும் தீர்மானம் ஏற்படவில்லை. கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். பதிலும் தை மாதமே தயார். அந்தப் பதிலுக்குள் அவளுடைய கோரிக்கை ஒன்றும் இருந்தது. அவன் கேட்டால்தானே சொல்வதற்கு?

இடையில் நின்றது ப்ளாங்க்.

டோல்கேட்டைத் தாண்டித் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், லேத்துப் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது கருணாகரனின் பரிசோதனைக் கூடம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புழுதி கிளப்பும் அந்த இடத்தில் தண்ணீர், எண்ணெய், மாவு என்று எதைக் கொடுத்தாலும் சோதித்துச் சொல்வார்கள். அன்புமணி வியாசர்பாடிக்காரன், எம்.எஸ்ஸி. முடித்தவன். நர்மதா பி.எஸ்ஸி. வேதியியல். சுனாமிக்கு முந்தின கோடை அது. மாத்தூரில் சத்துமாவு செய்யும் கம்பெனி ஒன்று அவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தது.

அது எல்லோருக்குமான சத்துமாவு அல்ல. சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு குறையோடு பிறக்கிறார்கள். பாலிலும் பருப்பிலும் இருக்கும் ஓர் அமினோ அமிலத்தை அவர்கள் உடம்பால் செரித்துக் கழிக்க முடியாது. அது தங்கித் தங்கி மூளையைக் கெடுத்துவிடும். அவர்களுக்கென்று செய்த மாவு அது. அதில் அந்த அமினோ அமிலம் இருக்கவே கூடாது. 'இல்லை' என்று சொன்னால் போதாது, இல்லை என்று காட்ட வேண்டும். சாதாரணக் கருவிக்குத் தட்டுப்படாத துணுக்கைக்கூடப் பிடித்துக் காட்ட வேண்டும்.

அதற்கு அன்புமணி கண்ட வழி வெளிச்சம். மாவைக் கரைத்து வடித்த நீரில் ஒரு நொதியை விட்டால், அந்த அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் துளிப் பெராக்சைடு பிறக்கும். அது லூமினால் என்ற மருந்தோடு சேர்ந்தால் நீலமாக ஒளி விடும். தீ இல்லை, சூடு இல்லை, வெறும் ஒளி. அமினோ அமிலம் எவ்வளவோ, ஒளியும் அவ்வளவு. துணுக்கு அளவு என்றால் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. இருட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒளிபெருக்கிக் குழாய்க்குத்தான் தெரியும். அது கண்டதைப் பேனா ஒன்று ஓடும் காகிதத்தில் கோடாக வரையும். குழாயை அன்புமணி ஏதோ பழைய கருவியிலிருந்து கழற்றி வந்தான். இரும்புப் பெட்டியைக் கீழே லேத்துப் பட்டறையில் செய்யச் சொல்லி, அவனே கறுப்பு அடித்தான். உள்ளே ஓடும் மெல்லிய குழாய்களை எல்லாம் முடிச்சு விழாமல் சுற்றியது நர்மதா. வலை பிரிக்கும் வீட்டில் பிறந்த கை அல்லவா.

முதல் தடவை சோதித்துப் பார்க்க ஒரு கண்ணாடிக் குடுவையில் தாராளமாகவே கலந்தார்கள். குடுவை முழுக்க நீலம் பொங்கியது. "எங்க நைனா சொல்லும், சில நாளு வல இழுக்கச்சே தண்ணியே பத்திகினு எரியும்னு. இப்படித்தான் இருக்குமா?" என்றாள் நர்மதா. அவளுடைய அப்பா ராமதாஸ் விசைப்படகு ஓட்டுகிறவர். அன்புமணி குடுவையை மறந்து அவளையே பார்த்தான். எரியும் தண்ணீர் கையில் ஒட்டுமா, மீன் போன தடம் தெரியுமா என்று அவன் கேட்ட கேள்விகளுக்கு, வீட்டுக்குப் போய் அப்பாவிடம் விசாரித்து வந்து மறுநாள் பதில் சொன்னாள். தன் வீட்டுத் தொழிலைப் பற்றி மூக்கைச் சுளிக்காமல் ஒருவன் இவ்வளவு கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்கு விழுந்தவள்தான்.

இனி ப்ளாங்க். அமினோ அமிலமே இல்லாத சுத்தமான தண்ணீரை ஓட்டினாலும் கருவி கொஞ்சம் ஒளி காட்டும். அந்த வெற்று ஒளிக்குத்தான் ப்ளாங்க் என்று பெயர். அது தாழ்ந்து கிடந்தால்தான் அதன்மேல் எழும் சின்ன மேடு தெரியும். தெரு அடங்கினால்தானே அடுத்த வீட்டு முணுமுணுப்பு காதில் விழும்? தையில் உயரமாக இருந்தது, மாசியில் படிப்படியாக இறங்கியது. தண்ணீரை மாற்றினார்கள், குழாயை மாற்றினார்கள், கண்ணாடியை அமிலத்தில் ஊறவைத்தார்கள். இன்னும் ஒரு விரற்கடை இறங்கினால் போதும் என்ற நிலையில், மாத்தூர்க்காரர்கள் கூடத்தைப் பார்க்க வந்து போனார்கள். அவர்கள் வந்து போன மறுநாள் ப்ளாங்க் ஒரே தாவாகத் தாவி மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

அதிலும் ஒரு விசித்திரம். காலையில் அன்புமணி தனியாக வந்து ஓட்டும்போது கோடு தாழ்ந்து, சமர்த்தாக ஓடும். நர்மதா வந்து கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஏறும். அவள் சாப்பிடப் போனால் இறங்கும், திரும்பினால் ஏறும்.

அன்புமணி முதலில் சிரித்தான். "நீ உள்ள வந்தா வெளிச்சம் ஏறுது நர்மதா. நான் இன்னா பண்றது?" என்றான். அவளும் அன்று பஸ்ஸில் சன்னலோரம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். ஆனால் அந்தக் கோட்டைக் கருணாகரன் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கருணாகரன் கெட்டவர் அல்ல. சம்பளத்தை ஒழுங்காகக் கொடுப்பவர், பெண் பிள்ளைகள் வேலை செய்யும் இடம் என்று பயந்து பயந்து நடத்துபவர். பெட்டி அறையில் பெண் இருந்தால் ட்யூப் லைட் எரிய வேண்டும், கதவு ஒருக்களித்துத் திறந்திருக்க வேண்டும் என்று அவர் போட்ட சட்டத்தைக்கூட யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். மனுஷன் விரல் பட்டாலே அமினோ அமிலம் ஒட்டும், மீனில் அது நூறு மடங்கு, நர்மதா மீன் வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண், அவள் என்ன செய்வாள் பாவம், அடுத்த மாதத்திலிருந்து தண்ணீர்ப் பிரிவுக்கு மாறிக்கொள்ளட்டும், பெட்டிக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றார். திங்கட்கிழமை மாத்தூர்க்காரர் வருவார், அதற்குள் கோடு இறங்கினால் சரி.

தண்ணீர்ப் பிரிவு இருந்தது பின்கட்டில், வேறு படிக்கட்டு ஏறி. அங்கே போய்விட்டால் அவன் கேட்கப் போவதில்லை என்று நர்மதாவுக்கு உறுதியாகத் தெரிந்தது. சத்தம் ஜாஸ்தி என்று காத்திருப்பவன் படிக்கட்டு மாறி வந்து கேட்பானா?

அவள் மீன் தொடுவதை நிறுத்தினாள். எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்தாள். குழம்பில் கைவைக்காமல் மோர் சோறு தின்றாள். காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கும் அவளுடைய அம்மா குப்பம்மா, இதை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"இன்னாடி, அய்யர் வூட்ல எதுனா மாப்ள பாத்துகினியா?" என்றாள் மூன்றாம் நாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. "மீனு வித்துத்தான் உன்ன படிக்க வெச்சேன். அந்த மிசினுக்கு அது நாறுதாமா? போய்ச் சொல்லு, நாறுனா மூக்க மூடிக்கச் சொல்லு."

நர்மதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மறுநாள் அன்புமணியிடம் அதை அப்படியே சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடித்துவிட்டது. கருணாகரன் பேசியபோது அவன் வாயைத் திறக்காமல் நின்றது அவளுக்குள் முள்ளாக இருந்தது.

"அவர் சொன்னது தப்புன்னு எனக்குத் தோணுச்சி. தோணுனத வெச்சி இன்னா பேசறது, காட்டணும் இல்ல?" என்றான் அன்புமணி. பிறகு, "உங்கம்மாவாண்ட கொஞ்சம் கருவாடு வாங்கியாறியா?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கொடுத்த நெத்திலிக் கருவாட்டை அவன் இரண்டு உள்ளங்கையிலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டான். அப்படியே கையுறை மாட்டினான். அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனான். வழக்கம்போல் விளக்கை அணைத்தான். கல்லூரி நாளிலிருந்தே ஒளிக்கருவி ஓட்டினால் இருட்டில் ஓட்டுவதுதான் அவன் பழக்கம். கொஞ்ச நேரத்தில் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

அவன் நேராகப் போய் கருணாகரனிடம் காகிதத்தையும் கையையும் சேர்த்து நீட்டினான். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தார். மீன் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு நர்மதாவை உள்ளே போய் ஓட்டச் சொன்னார். ட்யூப் லைட் போட்டு, கதவை ஒருக்களித்து, அவள் உட்கார்ந்தாள். கோடு மலை ஏறியது.

மீன் இல்லையென்றால் அவள்தான் என்று ஆயிற்று. கருணாகரன் காகிதத்தை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"வெளிச்சம் எதுனா உள்ள பூந்துகினு கீதா?" என்று நர்மதா கேட்டாள். அன்புமணி தலையை ஆட்டினான். பெட்டி செய்து முடித்து ஆயுத பூஜைக்கு மறுநாளே அதைச் சோதித்துவிட்டானாம். சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தானாம், பேனா அசையவே இல்லையாம். அந்தச் சந்தேகம் தீர்ந்து போன சந்தேகம் என்றான். நர்மதாவும் அதை நம்பினாள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். கீழே லேத்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது. நர்மதா இனி மாற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று யோசித்து, ஒன்றும் தோன்றாமல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கரண்ட் போயிற்று. லேத்து முனகிக்கொண்டே ஓய்ந்தது, ட்யூப் லைட் அணைந்தது. கருவிக்கு மட்டும் யு.பி.எஸ். இருந்ததால் அது பாட்டுக்கு ஓடியது. சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததாலும், கதவுக்கு வெளியே சன்னலில்லாத நடை மட்டுமே என்பதாலும் அறை கும்மென்று இருண்டது. கருவியின் முகப்பிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பேனா தெரிந்தது.

பேனா கீழே விழுந்துகொண்டிருந்தது.

சரசரவென்று இறங்கி, தரையைத் தொட்டு, அங்கேயே அமைதியாக ஓடியது. நர்மதா அறைக்குள்தான் இருந்தாள். நாற்காலியைவிட்டு எழவும் இல்லை.

"சார், நான் இங்கதான் கீறன்."

"தெரியுது."

"அப்ப நான் இல்ல."

"நீ இல்ல," என்றான் அன்புமணி. "நீ உள்ள இருந்தா லைட்டு எரியணும்னு சட்டம். நீ போனா நான் அணைச்சிடுவேன். நர்மதா, அது லைட்டு."

வெளிச்சம் உள்ளே போகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆனால் அவன் சோதித்தானே? சோதித்த பெட்டியில் ஓட்டை எப்படி முளைக்கும்? அவன் மேசை இழுப்பறையிலிருந்து டார்ச்சை எடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டாள். நீங்கள் பேனாவைப் பாருங்கள், நான் அடிக்கிறேன் என்றாள். பெட்டியின் பக்கவாட்டில் அடித்தாள், அசைவில்லை. மேலே, மூடியின் விளிம்பில், குழாய் நுழையும் இடத்தில், எங்கும் இல்லை. முன்பக்கம் டார்ச்சைக் கொண்டுவந்து மெல்ல நகர்த்தினாள்.

"அங்கதான்," என்று கத்தினான் அன்புமணி. பேனா காகிதத்தின் மேல் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

நர்மதா டார்ச்சைத் திருப்பிவிட்டு விரலால் தடவினாள். கறுப்புப் பெயின்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி, ஆணி முனை அளவு. அன்புமணி நெற்றியில் அடித்துக்கொண்டான். பெட்டியின் முன்பக்கம் கூடத்தின் சின்னப் பெயர்ப்பலகை மாட்ட வேண்டும் என்று கருணாகரன் சொல்லி, அவன் போட்ட துளை அது. பலகை வரவே இல்லை. துளையை அவன் மறந்தே போனான். ஆனால் பூஜைக்கு மறுநாள் டார்ச் அடித்தபோது ஏன் தெரியவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

நர்மதாவின் விரல் இன்னும் அந்தக் குழியிலேயே இருந்தது. அந்த இடத்தை அந்த விரலுக்கு முன்னமே தெரியும். பெட்டிக்கு ஒரு நெற்றி இருந்தால் சரியாக அங்கேதான் இருக்கும்.

ஆயுத பூஜையன்று கருணாகரன் தராசுக்கும் அடுப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, பெட்டிக்கு நர்மதாவை வைக்கச் சொன்னார். அன்புமணி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான். "எங்க வூட்ல புத்தருக்கே பொட்டு கெடையாது. பொட்டிக்குப் பொட்டா?" என்று சீண்டினான். அந்த வீம்புக்காகவே அவள் சந்தனத்தைக் குழைத்துக் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். மாதக்கணக்கில் அது காய்ந்து இறுகிப் பெட்டியோடு பெட்டியாக இருந்தது.

"பொட்ட யார் அழிச்சது?" என்று கேட்டாள்.

அன்புமணி தன்னையே கைகாட்டினான். மாத்தூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று அறையைத் துடைத்தது அவன்தான். விஞ்ஞானக் கருவியில் குங்குமம் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று, ஈரப் பஞ்சால் தேய்த்துத் தேய்த்து, பளபளவென்று.

நர்மதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாக எலுமிச்சம்பழம் தேய்த்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனும் சிரித்தான். கறுப்பு டேப் எங்கே என்று தேடத் தொடங்கினான்.

"டேப்பு வாணாம்," என்றாள் நர்மதா. கருணாகரனின் அறையில் சாமி படத்தடியில் இருந்த சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். "அழிச்சவங்களே வெக்கட்டும்."

"நான் வெச்சா செல்லுமா?"

"ஓட்டைக்கு இன்னா தெரியும், யார் வெச்சதுன்னு?"

அவன் சந்தனத்தைக் குழைத்தான். மோதிர விரலால் எடுத்து, ஒரு குழந்தைக்கு வைப்பதுபோல் மெதுவாக, துளையை நிரப்பி அப்பினான். அதன்மேல் குங்குமம். விரல் நுனி சிவப்பாயிற்று. அவன் கையை எடுத்த சமயத்தில் கரண்ட் வந்தது. ட்யூப் லைட் இரண்டு தரம் சிமிட்டிப் பளீரென்று எரிந்தது. நர்மதா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பேனா அசையவில்லை. விளக்கு எரிந்தது, கதவு ஒருக்களித்திருந்தது, அவள் உள்ளே இருந்தாள், கோடு தரையோடு ஓடியது.

இருவரின் கைகளும் பரபரத்தன. துணுக்கினும் துணுக்காகக் கலந்து வைத்திருந்த அமினோ அமிலக் கரைசலை அவள் எடுத்து நீட்ட, அவன் ஊசியில் இழுத்துச் செலுத்தினான். குழாய் வழியே அது போவதை இருவரும் கண்ணால் தொடர்ந்தார்கள். இருட்டுப் பெட்டிக்குள், யாரும் பார்க்க முடியாத இடத்தில், இத்தனூண்டு தண்ணீர் நீலமாகப் பற்றி எரிந்திருக்க வேண்டும். வெறிச்சோடிய கோட்டிலிருந்து ஒரு சின்ன மேடு எழுந்தது. அழகாக, உருண்டையாக எழுந்து, மறுபடி இறங்கிப் படுத்தது. மறுபடி செலுத்தினார்கள். அதே மேடு. வெறும் தண்ணீர் செலுத்தினார்கள். மேடு இல்லை.

இருவரும் போட்ட கூச்சலைக் கேட்டுக் கருணாகரன் ஓடிவந்தார். காகிதத்தைப் பார்த்தார், ட்யூப் லைட்டைப் பார்த்தார், பெட்டியின் பொட்டைப் பார்த்தார். நர்மதா நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் சந்தோஷத்திலும் கூச்சத்திலும் மாறி மாறிப் போயிற்று. கடைசியில் அவளிடம், "உங்கம்மா நெத்திலி நல்லா இருக்கும்போலம்மா, திங்கக்கெழம கொஞ்சம் எடுத்தா. காசு குடுத்து வாங்கிக்கறேன்," என்றார். அவர் மன்னிப்புக் கேட்கும் விதம் அது. பிறகு மாத்தூருக்குப் போன் போட ஓடினார்.

அறையில் மறுபடி இரண்டு பேர். கீழே லேத்து திரும்பவும் ஓடத் தொடங்கியிருந்தது. நர்மதா கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ப்ளாங்க் இறங்கிவிட்டது. அவனுக்கும் தெரியும். அவன் குங்கும விரலைப் பஞ்சில் துடைத்தான். துடைத்த விரலையே பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"மாவு சாம்பிள ஓட்டிடலாமா?" என்று கேட்டான்.

"ஓட்டலாம்."

"திங்கக்கெழமைக்கு ரெடியா இருக்கணும்."

"ப்ளாங்க் எறங்கிடிச்சி," என்றாள் நர்மதா.

"ஆமா. எறங்கிடிச்சி." அவன் காது மடல் சிவந்தது. இங்கே வெயில் இல்லை, ட்யூப் லைட்தான். தை மாதத்துச் சந்தேகம் அவளுக்கு அந்த நிமிஷம் தீர்ந்தது. "இல்ல, கோட்டுல இன்னும் கொஞ்சம் சத்தம் கீது, லேசா ஆடுது பாரு. ஒருக்கா அதையும் சரி பண்ணிட்டா..."

நர்மதாவுக்குப் புரிந்துவிட்டது. இவன் அடுத்ததற்கு அடுத்ததும் சரியாகட்டும் என்று காத்திருப்பான். அவள் வீட்டில் அப்பா என்ன சொல்வார், வியாசர்பாடியில் அவன் அம்மா பட்டம்மாள் என்ன சொல்வாள், இரண்டு தெருவும் என்ன பேசும் என்ற சத்தமெல்லாம் அடங்கட்டும் என்று பேனாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அது ஒருநாளும் முழுசாக அடங்காது. மேடு உயரமாக இருந்தால் போதும், சத்தத்துக்கு மேலேயே தெரியும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

அவள் எழுந்து நின்றாள். இத்தனை மாதமும் பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் தொண்டையில் இருந்தது. அதில் 'வாங்க' என்று இருந்த இடம் வாய்க்கு வரும்போது தானாகவே மாறிக்கொண்டது. லேத்துச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம நைனா வூட்லதான் இருக்கும். உங்கம்மாவ இட்டுகினு எங்க வூட்டுக்கு வா."